ஊர் வீடும் சிங்கப்பூர் லீவும்: ஊராட்சி வேலைகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சிங்கப்பூர் தேக்கா பக்கம் டீ குடிக்க உட்கார்ந்தால் யாராவது ஒருவர் போனை நீட்டி, "அண்ணே, இந்தப் பேப்பர் என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்பார். ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த வீட்டு வரி ரசீதாக இருக்கும், இல்லாவிட்டால் பாதி மடிந்த பட்டா நகல். நான் வக்கீல் இல்லை. அப்பா தவறிய பிறகு ஊர் வீட்டுக் காகிதங்களைச் சரிசெய்ய மூன்று வருட லீவைச் செலவழித்தவன், அவ்வளவுதான். அப்போது தெரிந்துகொண்டதையும், பிறகு நண்பர்களுக்காக அலைந்ததில் தெரிந்ததையும் இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளைப் பற்றியது. பேரூராட்சி, நகராட்சியில் வீடு இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள் மாறும்.

ஊராட்சி அலுவலகமும் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) அலுவலகமும் ஒன்றுதானே?

இல்லை. நம் ஆட்களின் லீவில் பாதி இந்த ஒரு குழப்பத்தில்தான் போகிறது.

ஊராட்சி என்பது நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி நடக்கிறது, ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வருகிறது. குடிநீர், தெருவிளக்கு, தெரு, சாக்கடை, குப்பை, சுடுகாட்டுப் பாதை, வீட்டு வரி எல்லாம் அங்கே. அன்றாட வேலையைப் பார்ப்பவர் ஊராட்சி செயலர். ஊரில் "கிளார்க்கு" என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு மேலே ஒன்றிய அலுவலகம், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலரின் (பிடிஓ) ஆபீஸ்.

விஏஓ வருவாய்த் துறையின் ஆள். நம் தாத்தா காலத்துக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை 1980-இல் அரசு ஒழித்தது. பரம்பரையாக வந்த அந்த வேலைகளின் இடத்துக்கு வந்தவர்தான் கிராம நிர்வாக அலுவலர். பட்டா, சிட்டா, அடங்கல் போன்ற நிலப் பதிவுகள், வாரிசுச் சான்று, சாதிச் சான்று என்று எதற்கும் முதல் விசாரணை இவரிடம். இவருக்கு மேலே வருவாய் ஆய்வாளர், அப்புறம் தாசில்தார். பத்திரப் பதிவு இந்த இரண்டிலும் சேராது. அதற்குச் சார்பதிவாளர் அலுவலகம், அது தனித் துறை.

முதல் லீவில் நான் சாக்லேட் பொட்டலமும் தைல பாட்டிலுமாக ஊராட்சி அலுவலகத்துக்குப் போய், பட்டாவில் பெயர் மாற்ற வேண்டும் என்று உட்கார்ந்தேன். மூன்று நாள் "வாங்க தம்பி, பார்ப்போம்" என்றார்கள். நான்காம் நாள்தான் கிளார்க்கு வாயைத் திறந்தார்: "இது என் வேலை இல்ல தம்பி. எதிர்த்த கட்டடம்." எதிர்த்த கட்டடத்தில் பூட்டு தொங்கியது. விஏஓவுக்கு இரண்டு ஊர் பொறுப்பு, அன்றைக்கு அவர் அடுத்த ஊரில். இங்கே சிங்பாஸ் என்ற ஒரே அரசு இணைய உள்நுழைவுக்குள் எல்லாம் அடங்கிக் கிடப்பதால், அரசாங்கம் என்றால் ஒரே கதவுதான் என்று நமக்குப் பழகிவிட்டது.

வீட்டு வரி ரசீது என் பெயரில்தான் இருக்கிறது. அப்படியானால் வீடு என்னுடையதுதானே?

அதை மட்டும் நம்பாதீர்கள். வரி ரசீது வரி கட்டியதற்கு அத்தாட்சி, உரிமைக்கு அத்தாட்சி ஆகாது. மின் இணைப்பு வாங்க, முகவரி காட்ட உதவும். உரிமை என்று வந்தால் பத்திரம், பட்டா, சொத்தின் மேல் நடந்த பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்று மூன்றையும் வைத்துத்தான் பேசுவார்கள்.

இதில் டெல்டா மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். பல ஊர்களில் தெருவே கோயில் மனையில் இருக்கும். சுவரும் கூரையும் நம்முடையவை, தரை கோயிலுடையது. அடிமனை வாடகை கட்டிக்கொண்டிருப்போம், ஊராட்சிக்கு வீட்டு வரியும் கட்டுவோம். மூன்று தலைமுறை வரி ரசீது கையில் இருந்தாலும் அந்தத் தரை நம் பெயருக்கு வந்துவிடாது. மாடி கட்டுவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள்.

வீட்டு வரியை இங்கிருந்தே கட்டலாமா?

கட்டலாம். 2023 முதல் கிராம ஊராட்சி வரிகளை இணையத்தில் வாங்குகிறார்கள். மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, வரி விதிப்பு எண் நான்கும் வேண்டும். எண் பழைய ரசீதிலேயே இருக்கும். வரி அரையாண்டுக் கணக்கு: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. கூடவே ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி சேரும். என் ஓட்டு வீட்டுக்கு வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான் வருகிறது. இங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு நகர மன்றத்துக்கு ஒரு மாதம் கட்டுவதை நினைத்தால் சிரிப்பு வரும். அந்தச் சில நூறிலும் பத்து வருடப் பாக்கி வைக்கும் ஆட்கள் நம்மில் உண்டு, கேட்டால் "ரோடு போட்டானா?" என்பார்கள்.

பணம் கட்டும் இடத்தில் கார்டு தகராறு செய்தால், ஊரில் இருக்கும் தம்பிக்கு அனுப்பி அவரைக் கட்டச் சொல்லலாம். 2023 பிப்ரவரியிலிருந்து இங்குள்ள பேநவ், அங்குள்ள யூபிஐ என்ற இரு பணப் பரிமாற்ற முறைகளும் இணைந்திருக்கின்றன, நாளொன்றுக்கு ஆயிரம் வெள்ளி வரை போகும்.

ஓடிபி வரவில்லை, ஆதாரும் இல்லை. என்ன செய்வது?

இந்திய சிம்மை உயிரோடு வைத்திருங்கள், ரீசார்ஜ் செய்து ரோமிங்கில். இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் ஊருக்குப் போனதுமே ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம், 182 நாள் தங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஓசிஐ அட்டைக்காரர்களுக்கு, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு, அந்த 182 நாள் கணக்கு உண்டு.

வரி இன்னும் தாத்தா பெயரில் வருகிறது. மாற்ற வேண்டுமா?

மாற்றுங்கள், ஆனால் அதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் இறப்புச் சான்று, அடுத்து வாரிசுச் சான்று, பிறகு சொத்தைப் பிரிக்கும் பாகப் பத்திரமோ பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ, அதன்பின் பட்டா. வரியில் பெயர் மாற்றுவது கடைசிப் படி, மற்ற காகிதங்கள் இருந்தால் சுலபமாக முடியும். எங்கள் வீட்டில் தாத்தா பெயரில் இருந்த ரசீதுகள் டிரங்குப் பெட்டிக்குள் ஒரு கல்யாணப் பத்திரிகைக்குள் மடித்துவைத்துக் கிடந்தன. மை மங்கி, எண் மட்டும் தெரிந்தது. அந்த எண்ணை வைத்துத்தான் எல்லாவற்றையும் பிடித்தேன். பழைய தாள் எதையும் தூக்கிப்போட வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

அப்பா ஊரில் வீட்டிலேயே காலமானார். இறப்பைப் பதிந்தார்களா என்றே தெரியவில்லை.

பிறப்பு, இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டுச் சட்டம். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம். 30 நாள் தாண்டினால் மேலதிகாரி அனுமதி. ஒரு வருடம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர், அதாவது ஆர்டிஓ உத்தரவு வரை போக வேண்டும், அதற்கு ஒரு லீவு போதாது. மருத்துவமனையில் நடந்தால் அவர்களே பதிந்துவிடுவார்கள். கிராமத்தில் வீட்டில் நடந்தால் விஏஓவிடம் யாராவது போய்ச் சொல்ல வேண்டும். துக்க வீட்டில் பதினாறாம் நாள் காரியம் வரை யாருக்கும் இது ஞாபகம் இருக்காது. ஞாபகப்படுத்தும் வேலையை வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் நீங்கள்தான் செய்ய வேண்டியிருக்கும்.

பெயரின் எழுத்தை அங்கேயே நின்று சரிபாருங்கள். உங்கள் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு மாதிரியும், சான்றில் வேறு மாதிரியும் இருந்தால் பின்னால் ஒவ்வொரு மேசையிலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். 2018-க்குப் பிறகு பதிவானவற்றை இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

இறப்பு சிங்கப்பூரில் நடந்திருந்தால் ஊரில் மறுபடி பதிய முடியாது. எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. 2022 மே 29 முதல் இங்கே மின்னிலக்கச் சான்றிதழ்தான் தருகிறார்கள். இந்தியக் குடிமகனாக இருந்தால் இந்தியத் தூதரகத்திலும் தெரிவித்துவிடுங்கள்.

வாரிசுச் சான்றிதழில் அக்காவின் பெயரை விட்டுவிடலாமா? கல்யாணம் ஆகி முப்பது வருடம் ஆகிறது.

இந்தக் கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. டீ தீர்ந்து, மற்றவர்கள் எழுந்த பிறகு மெல்லக் கேட்பார்கள்.

கூடாது. வாரிசுச் சான்று என்பது யார் யார் வாரிசு என்ற பட்டியல், யாருக்கு எவ்வளவு என்பது அதில் இருக்காது. பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடாது. இந்து குடும்பங்களில், அப்பா உயில் எழுதாமல் போனால் அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு 1956 சட்டத்திலிருந்தே உண்டு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-இலேயே கல்யாணமாகாத பெண்களுக்கு உரிமை கொடுத்தது, 2005-இல் நாடு முழுதும் எல்லாப் பெண்களுக்கும் வந்தது. முஸ்லிம் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு, ஆனால் அங்கேயும் மகளுக்குப் பங்கு உண்டு.

அக்காவுக்கு வேண்டாம் என்றால் அவரே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கட்டும். மறைத்து வாங்கிய சான்று பின்னால் கோர்ட்டில் நிற்காது. அதைவிட, அடுத்த தீபாவளிக்கு அக்கா வீட்டு வாசலில் நீங்கள் நிற்க முடியாது.

விண்ணப்பம் இ-சேவை மையம் வழியாக. விஏஓ, வருவாய் ஆய்வாளர் விசாரித்த பிறகு தாசில்தார் தருவார். விசாரணை என்றால் ஊரில் தெருவில் நாலு பேரிடம் கேட்பார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு உங்கள் அக்காவைத் தெரியாமலா இருக்கும்?

எனக்கு லீவு கிடைக்காது. யாருக்காவது பவர் (நம் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) கொடுக்கலாமா?

கொடுக்கலாம், நிதானமாக. வழி இரண்டு. கிரேஞ்ச் ரோட்டில் இருக்கும் இந்தியத் தூதரகத்தில் நேரில் போய் கையெழுத்திட்டு அத்தாட்சி வாங்கலாம். அல்லது இங்கே நோட்டரியிடம் கையெழுத்திட்டு, சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்தில் அபொஸ்டில் முத்திரை, அதாவது வெளிநாட்டிலும் செல்லும் அத்தாட்சி, பெறலாம். 2021 செப்டம்பர் 16 முதல் சிங்கப்பூர் அபொஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கிறது, இந்தியா 2005-இலிருந்தே இருக்கிறது. காகிதம் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். இதை மறந்து, ஒரு வருடம் பீரோவில் வைத்திருந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருவர்.

எதற்குப் பவர் என்று எண்ணி எழுதுங்கள். "பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பிக்க, வரி கட்ட, அளவைக்கு ஆஜராக" என்றால் அது மட்டும். விற்கும் அதிகாரத்தையும் சேர்த்துப் பொதுவாக எழுதிக் கொடுத்த நண்பர் ஒருவர், இரண்டு வருடம் கழித்து வில்லங்கம் போட்டுப் பார்த்தபோதுதான் தன் கொல்லை வேறொருவர் பெயரில் இருப்பதைக் கண்டார். வாங்கியவரும் சொந்தக்காரர், விற்றவரும் சொந்தக்காரர். இன்றைக்கும் அந்த வீட்டு விசேஷங்களுக்கு அவர் போவதில்லை.

வில்லங்கத்தைப் பதிவுத் துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவிடுவேன். பட்டாவும் சிட்டாவும்கூட இணையத்தில் தெரியும்.

பட்டாவுக்கு வேறு ஏதாவது வழி இருக்கிறதா? மனு போட்டு ஒன்றும் நடக்கவில்லை.

ஜமாபந்தியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வருவாய்த் துறையின் பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. 2025 ஜூலையில் தொடங்கியது 1435-ஆம் பசலி. ஆண்டு முடியும் முன், பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், தாலுகா அலுவலகத்தில் ஊர் ஊராகக் கணக்கை வரவழைத்துப் பார்ப்பார்கள். விஏஓ, ஆய்வாளர், தாசில்தார் எல்லாரும் ஒரே இடத்தில் கணக்கோடு இருக்கும் நாள் அது. நம் பள்ளி விடுமுறையும் ஜூனில்தான் வருகிறது. நான் பட்டா வாங்கியது மூன்றாம் லீவில், ஜமாபந்தியில் கொடுத்த மனுவால்தான். திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டமும் இருக்கிறது.

ஊரில் புது வீடு கட்ட யாரிடம் அனுமதி?

ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பம். 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் மாடியுமாகக் கட்டும் குடியிருப்புக்கு, விதிப்படி கட்டுவதாக நாமே உறுதி தரும் சுயசான்று முறையை 2024 ஜூலையில் கொண்டுவந்தார்கள். கட்டணம் கட்டியதும் அனுமதி வந்துவிடும். "நம்ம ஊர்ல யாரு கேக்கப்போறா" என்று கட்டினால், வங்கிக் கடன் கேட்கும் அன்று கேட்பார்கள்.

பக்கத்தில் வயல் விலைக்கு வருகிறது. வாங்கிப் போடலாமா?

நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியரோ ஓசிஐ அட்டைக்காரரோ ஆனால், விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்க அனுமதி இல்லை. அப்பாவிடமிருந்து வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். வீடு, வீட்டு மனை வாங்கத் தடையில்லை.

கிராம சபையில் நாம் உட்காரலாமா?

அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் கிராம சபையின் உறுப்பினர்கள். முன்பு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருடத்துக்கு நான்கு முறை. 2022-இல் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளையும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளையும் சேர்த்து ஆறாக்கினார்கள். ஆள் சேராவிட்டால் கூட்டம் செல்லாது: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300.

என் பெயர் பட்டியலில் இல்லை. ஆனாலும் ஒரு ஆகஸ்ட் 15 அன்று போய்ப் பள்ளிக்கூடத் திண்ணையில் ஓரமாக உட்கார்ந்தேன், யாரும் போகச் சொல்லவில்லை. புங்கமரத்தடியில் ஷாமியானா, முன்வரிசையில் நூறு நாள் வேலைப் பெண்கள், ஒரு தட்டில் கொடியேற்றத்துக்கு வாங்கிய மிட்டாய். வருகைப் பதிவேடும் மை டப்பாவும் கை மாறி மாறிப் போயின. கைநாட்டு வைத்தவர்கள் விரலைப் புங்கமரத்தில் துடைத்தார்கள், அடிமரத்தில் அந்த உயரத்துக்கு மட்டும் ஊதா நிறம். கிளார்க்கு வரவு செலவைச் சுலோகம் போல மூச்சுவிடாமல் படித்தார். "மின்மோட்டார் பழுது, குழாய் பழுது" என்று வந்த இடத்தில் ஒரு கிழவி எழுந்தார். "மோட்டாரு ஓடுது, சத்தம் கேக்குது. தண்ணி எங்கய்யா போவுது?" என்றார். ஒருவர் சிரித்தார், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். கிழவி சிரிக்கவில்லை, உட்காரவும் இல்லை. "தீர்மானத்துல எழுது" என்றார். எழுதினார்கள்.

எழுதியதுதான் முக்கியம். வாயால் சொன்னது டீயோடு போய்விடும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் பற்றி அடுத்த கூட்டத்தில் கேட்கலாம், தணிக்கையில் கேட்கலாம், மேலே மனு எழுதும்போது தேதியோடு குறிப்பிடலாம். உங்கள் தெருவில் ஒரு பிரச்சினை என்றால் ஊரில் இருக்கும் அம்மாவையோ தம்பியையோ போய் அதைத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் நாற்பது குரல் பதிவு போடுவதைவிட அது மேல்.

தலைவரே இல்லை என்கிறார்களே?

உண்மைதான். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்து வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. அதற்குப் பிறகு தனி அலுவலர் ஆட்சி. தேர்தல் நடந்து புதியவர்கள் பொறுப்பேற்கும் வரை வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தலைவர் இடத்தில். 2016 முதல் 2019 இறுதி வரையும் இப்படித்தான் ஓடியது. ஒரு அதிகாரி தலையில் பல ஊராட்சிகள், அதனால் கையெழுத்துக்கு ஒன்றிய அலுவலகத்துக்கு அலைய வேண்டும். தலைவர் என்றால் ராத்திரி ஒன்பது மணிக்கும் வீட்டுத் திண்ணையில் பிடிக்கலாம். அந்த ஒரு வசதிக்காகவே தேர்தல் வேண்டும் என்பது என் கட்சி.

உள்ளாட்சித் தேர்தலில் எனக்கு ஓட்டு உண்டா?

சிங்கப்பூர்க் குடிமகன் என்றால் கிடையாது, ஓசிஐ இருந்தாலும் கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ள நிரந்தரவாசி, வேலை அனுமதிக்காரர் என்றால் படிவம் 6ஏ போட்டு வெளிநாடுவாழ் வாக்காளராகச் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலில் சேரலாம். உள்ளாட்சிப் பட்டியலும் அதிலிருந்துதான் தயாராகிறது. ஓட்டை நேரில் போய்த்தான் போட வேண்டும், அசல் பாஸ்போர்ட்டோடு.

ஊர்க் குளத்தையோ பள்ளிக்கூடத்தையோ சரிசெய்ய நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து பணம் தருகிறோம். யாரிடம் கொடுப்பது?

தனி ஆள் கையில் கொடுக்காதீர்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும். அவருக்கும் அது கெட்ட பெயரில்தான் முடியும். 'நமக்கு நாமே' திட்டத்தில் பொதுமக்கள் பங்கு பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, மீதியை அரசு போடும். அதற்கு ஒன்றிய அலுவலகத்தில் பேச வேண்டும். அரசுப் பள்ளிக்கு என்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' இருக்கிறது.

ஊர்ச் சங்கத்துக்கோ அறக்கட்டளைக்கோ அனுப்புவதாக இருந்தால் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடிமகன் தந்தால் ஆகும், அவர் அதே ஊரில் பிறந்தவராக இருந்தாலும். அதை வாங்க அந்தச் சங்கத்துக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவும், டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் கணக்கும் வேண்டும். கும்பாபிஷேக வசூலில் இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் சட்டம் இதுதான்.

ஊராட்சிக் கணக்கைக் கேட்டு வாங்க முடியுமா?

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்.

தெருவிளக்கு எரியவில்லை என்று அம்மா சொல்கிறார். இங்கிருந்து என்ன செய்ய முடியும்?

நிறையவே செய்யலாம். கம்பத்தில் எண் எழுதியிருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தெருப் பெயரையும் எண்ணையும் போட்டுக் கிளார்க்குக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், அப்புறம் கூப்பிடுங்கள். இங்கே மதியம் பன்னிரண்டரை என்றால் அங்கே காலை பத்து, ஆள் அப்போதுதான் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பார். நம் சாப்பாட்டு நேரமும் அதுதான். ஒரு வாரம் ஆகியும் நடக்காவிட்டால் 'ஊராட்சி மணி' 155340, முதல்வர் உதவி எண் 1100 என்று இரண்டு இருக்கின்றன. குறுகிய எண்கள் என்பதால் அழைப்பை ஊரிலிருந்தே செய்யச் சொல்லுங்கள், புகார் எண்ணை மட்டும் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கிளார்க்கோடு பேசும்போது "அங்க சிங்கப்பூர்ல எல்லாம்" என்று ஆரம்பிக்காதீர்கள். நான் ஒருமுறை ஆரம்பித்தேன். அந்த விளக்கு எரிய இரண்டு மாதம் ஆயிற்று.